நிறுவன ஆவணங்களுக்கான வகைப்பாட்டை உருவாக்குவதும் பராமரிப்பதும் எப்படி?

பல ஆண்டுகளாகச் சேர்ந்த ஆவணங்களுக்கு ஒரு வகைப்பாட்டை எப்படி உருவாக்குவது, அது சில மாதங்களில் குலைந்துபோகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, எந்த மென்பொருளை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆவணத் தொகுப்புகளுக்குச் சொற்பட்டியல் அமைக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: வகைப்பாட்டை உருவாக்கப் பலர் முன்வருவார்கள், அடுத்த ஆண்டு அதைத் திருத்த ஆள் கிடைப்பதுதான் அரிது. ஆகவே பின்னால் திருத்த வசதியாக இருக்கும்படியே முதலில் அமைக்க வேண்டும்.

எடுத்த எடுப்பில் கிளைப்படம் வரைய உட்கார வேண்டாம். ஆவணங்களில் ஒரு மாதிரியை எடுத்து அவற்றில் உண்மையாக வழங்கும் சொற்களையும், பயனர்கள் தேடல் பெட்டியில் தட்டச்சு செய்யும் சொற்களையும் திரட்டுங்கள். கையில் உள்ள நூல்களே வகைகளுக்குச் சான்று என்னும் கொள்கையை ஆங்கிலேய நூலகர் விண்டம் ஹியூம் 1911இலேயே முன்வைத்துவிட்டார். ஓர் ஆவணம்கூட இல்லாத வகையைப் பின்னால் தேவைப்படலாம் என்று சேர்த்து வைப்பது வீண் சுமை.

திரட்டிய சொற்களை ஒரே மரத்தில் பொருத்த முயலும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. குளிர்பதன இயந்திரத்தில் ஏற்பட்ட பழுதைப் பற்றிச் சென்ற ஆண்டு எழுதப்பட்ட அறிக்கை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை இயந்திரங்களில் சேர்ப்பதா, பராமரிப்பில் சேர்ப்பதா, அறிக்கைகளில் சேர்ப்பதா, ஆண்டுவாரியாக அடுக்குவதா? நான்கு பேர் நான்கு இடத்தில் வைப்பார்கள்; நால்வர் பக்கமும் நியாயம் இருக்கும். இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் நூல்களை வகைப்படுத்த 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. ஒவ்வொரு தலைப்புக்கும் முன்கூட்டியே ஓர் இடத்தை ஒதுக்காமல், அதைக் கூறுகளாகப் பிரித்துப் பின்னர் இணைப்பது அவர் வழி. ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து அடிப்படைக் கூறுகளையும் அவர் பிற்பாடு வகுத்தார். (லண்டன் கடையொன்றில் மெக்கானோ விளையாட்டுத் துண்டுகளைப் பார்த்தபோது இந்த எண்ணம் பிறந்ததாகச் சொல்வார்கள்.) அந்த ஐந்தும் உங்களுக்கு அப்படியே பொருந்த வேண்டியதில்லை. ஆவண வகை, கருவி, செயல், ஆண்டு என்று நான்கு பட்டியல்கள் வைத்தால், மேற்படி அறிக்கை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொல்லைப் பெறும். எந்த வழியாகத் தேடினாலும் அகப்படும். ஆழமான ஒரே மரத்தைவிட ஆழமில்லாத நான்கு பட்டியல்களே மேல் என்பது என் துணிபு.

பட்டியலுக்குள் மேற்சொல், கீழ்ச்சொல் என்ற உறவு தேவைப்பட்டால், கீழே வருவது எப்போதும் மேலே உள்ளதன் வகைதானா என்று பாருங்கள். எல்லா மடிக்கணினிகளும் கணினிகளே, அது சரி. ‘அலுவலக உடைமை’ என்பதன் கீழ் மடிக்கணினியை வைத்தால், ஊழியர் ஒருவர் தம் சொந்தக் கணினியைக் கொண்டுவந்த அன்றே அது பிசகிவிடும். ஒரு சொல்லுக்கு இரண்டு மேற்சொற்கள் இருப்பதில் தவறில்லை. மருத்துவக் கட்டுரைகளை வகைப்படுத்த அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் வைத்திருக்கும் மெஷ் சொற்தொகுப்பில் ‘கண்’ முகத்தின் கீழும் வருகிறது, புலனுறுப்புகளின் கீழும் வருகிறது. அங்கே இடத்தைக் காட்டும் எண் வேறு, சொல்லின் அடையாள எண் வேறு என்பதால், இடம் மாறினாலும் அடையாளம் மாறுவதில்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு நூலகங்கள் நூல்களுக்கு எண்ணிடப் பயன்படுத்தும், 1876இல் வெளிவந்த டூயி தசமப் பகுப்பைப் பாருங்கள்: சமயத்துக்கான 200களில் 220 முதல் 280கள் வரை விவிலியத்துக்கும் கிறித்தவத்துக்கும் போய்விட, பிற சமயங்கள் 290களுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. நூல்களின் முதுகில் ஒட்டிய எண்களை மாற்றாமல் அதைச் சீர்செய்ய வழியில்லை.

இனிப் பராமரிப்பு. ஒவ்வொரு வகையிலும் எது சேரும், எது சேராது என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். ‘ஒப்பந்தங்கள்: இரு தரப்பும் கையெழுத்திட்டவை மட்டும், வரைவுகளுக்குப் பேச்சுவார்த்தை என்ற வகையைப் பார்க்க’ என்ற அளவில் இருந்தால் போதும். இந்தக் குறிப்பு இல்லாவிட்டால், வகையை உருவாக்கியவர் வேலை மாறிப் போனதும் ஆளுக்கொரு பொருள் கொள்வார்கள். ஒரு பொருளுக்கு ஒரு சொல்லையே முதன்மையாக வைத்து, லேப்டாப் போன்ற பிற வழக்குகளை மாற்றுச் சொற்களாக அதனுடன் பிணையுங்கள். எந்தச் சொல்லையும் அழிக்காதீர்கள். ‘பயன்பாட்டில் இல்லை’ என்று குறித்துப் புதிய சொல்லுக்கு வழிகாட்டிவிட்டால் பழைய ஆவணங்கள் காணாமல் போகமாட்டா. புதிய சொல்லை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், ஆனால் சேர்க்கும் அதிகாரம் ஒருவரிடம் இருக்கட்டும்.

‘மற்றவை’ என்ற வகையே கூடாது என்பார்கள். நான் வைப்பேன், ஆனால் மாதந்தோறும் திறந்து பார்ப்பேன். ஒரே மாதிரியான ஆவணங்கள் அங்கே குவிந்தால் புதிய வகை தேவைப்படுகிறது. உரிய வகை இருந்தும் அங்கே வந்து விழுந்தால் அந்த வகையின் பெயர் யாருக்கும் விளங்கவில்லை.

மென்பொருளை இப்போதே வாங்க வேண்டாம். சில நூறு சொற்கள் வரை விரிதாளே போதும்: அடையாள எண், முதன்மைச் சொல், மாற்றுச் சொற்கள், மேற்சொல், குறிப்பு, நிலை, திருத்திய நாள் ஆகிய பத்திகள் இருக்கட்டும். பின்னர் கருவி தேடும்போது, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2009இல் பரிந்துரைத்த, சொற்தொகுப்புகளைப் பரிமாறிக்கொள்வதற்கான ஸ்கோஸ் வடிவில் ஏற்றுமதி செய்யுமா என்பதை விலைக்கு முன்பே கேளுங்கள். செய்யாது என்றால், இவ்வளவு பாடுபட்டு அமைத்த வகைப்பாடு அந்த விற்பனையாளரிடமே தங்கிவிடும்.