ஜன்னலைத் திறந்து வைத்தால் கூரை தப்புமா?

மொரீஷியஸின் ரோஸ் ஹில் ஊர் வாசகி ஒருவரின் கேள்வி: "எங்கள் சிமெண்ட் வீட்டின் பின்பக்கம், தகரக் கூரை போட்ட சமையலறை இருக்கிறது. புயல் வந்தால் ஒரு ஜன்னலைத் திறந்து வை, அழுத்தம் சமமாகிவிடும் என்கிறார் மாமனார். திறக்கலாமா?"

வேண்டாம். மாமனார் பேச்சைத் தட்டுவது சங்கடம்தான், ஆனாலும் எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்துங்கள். புயலில் வெளியே அழுத்தம் குறைவது உண்மை. ஆனால் அது மெதுவாகத்தான் குறையும்; கதவிடுக்கு வழியாகவே சரியாகிவிடும்.

கூரையைப் பறிப்பது வேறு. காற்று தகரத்தின் மேல் ஏறி ஓடும்போது அதை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. ஓரங்களிலும் மூலைகளிலும் இன்னும் கடுமையாக. ஜன்னல் வழியே புகுந்த காற்று கீழிருந்தும் தள்ளினால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். காற்றடிக்காத பக்கம் திறக்கலாமே என்பீர்கள். புயல் நகர நகரக் காற்றின் திசை மாறும். புயலின் கண், அதாவது நடுவில் காற்றடங்கிய பகுதி, நம் மேல் கடந்தால், சற்று நேர அமைதிக்கு அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும்.

வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. மணிக்கு 100 கிலோமீட்டர் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 48 கிலோ எடைக்குச் சமம். 200 கிலோமீட்டரில் 190 கிலோவைத் தாண்டும். 1975இல் ஜெர்வேஸ் புயலின்போது நம் தீவில் 280 கிலோமீட்டர் வரை வீசியது. தகரமோ சதுர மீட்டருக்கு ஐந்து கிலோகூடத் தேறாது. கூரை மேல் நாலு கல் தூக்கி வைப்பவர்களுக்கும் இதுதான் பதில். அந்தக் கல் பறந்து பக்கத்து வீட்டுக் கண்ணாடியில்தான் இறங்கும்.

கூரைத் தகரத்தில் அடித்த ஒரு ஆணியைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். தலையைச் சுற்றித் துளை நீள்வட்டமாகத் தேய்ந்து, விளிம்பில் துரு வளையம் இருந்தால் தகரம் பல காலமாக ஆடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அங்கே ஆணிக்குப் பதில் அகல வாஷரோடு திருகாணி போடச் சொல்லுங்கள், ஓரங்களில் நெருக்கமாக. அது மட்டும் போதாது. தகரம் அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தைப் பிடித்திருக்க, சட்டம் அதைத் தாங்கும் சாய்வு மரமான கைமரத்தைப் பிடித்திருக்க, கைமரம் சுவரில் சும்மா உட்கார்ந்திருந்தால் கூரை முழுசாகவே எழும்பிவிடும். கைமரத்தைச் சுவரின் கான்கிரீட்டோடு இரும்புப் பட்டையால் கட்ட வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்.

வேலையைப் புயல் பருவத்துக்கு முன்னால், ஆகஸ்ட், செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள். எச்சரிக்கை வந்த பிறகு யாரும் கூரை ஏற வேண்டாம். அன்றிரவு சமையல் சிமெண்ட் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும், நடுக்கதவைத் தாழிட்டுவிடுங்கள்.