தூறல் விழுந்தாலே புடவையைப் பிடித்துக்கொள்கிறான்

கேள்வி: அக்கா, நாங்கள் கடலூர் நாணமேட்டில் இருக்கிறோம். ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை வெள்ளம் வீட்டுக்குள் புகுந்து, எங்களைப் படகில் மீட்டார்கள். கன்றுக்குட்டி போய்விட்டது. முகாமிலிருந்து திரும்பிய நாளாக, ஏழு வயது மகன் படுக்கையிலேயே சிறுநீர் போகிறான். தூறல் விழுந்தால் என் புடவையை விடுவதில்லை. மந்திரித்து வரலாம் என்கிறார் மாமியார். வீட்டுக்காரர் யாரிடமும் பேசாமல் சாயங்காலமானால் குடிக்கப் போய்விடுகிறார். நடந்ததைப் பற்றிப் பையனிடம் பேசலாமா, கூடாதா?

பதில்: பேசலாம்மா. அவன் கேட்கும்போது, கேட்ட அளவுக்கு. உட்கார வைத்து, அன்றைக்கு என்னவெல்லாம் பார்த்தாய் என்று தோண்ட வேண்டாம். எல்லாவற்றையும் கொட்டினால் பாரம் இறங்கிவிடும் என்று முன்பு முகாம்களில் அப்படித்தான் கேட்டார்கள். அதனால் பலனில்லை என்று தெரிந்து, உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்கிறது.

அந்தக் கன்றுக்குட்டியைப் பற்றி மட்டும் நீங்களே ஒரு தடவை பேச்செடுங்கள். இந்த வயதுப் பிள்ளைகள், நடந்த கெட்டதற்கெல்லாம் தாங்கள்தான் காரணம் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். ‘நான் கயிற்றை அவிழ்த்திருந்தால் பிழைத்திருக்கும்’ என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கலாம். மலைப் பக்கம் பெருமழை, சாத்தனூர் அணை நிரம்பித் தண்ணீர் திறந்தார்கள், ஆறு கரை மீறியது, இதில் உன் தப்பு எதுவும் இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். அவன் அழுதால் அழட்டும், பக்கத்தில் இருங்கள்.

சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினத்தில் பிள்ளைகளோடு இருந்தேன். மணலில் வீடு கட்டி, ‘அலை வருது, ஓடு’ என்று அதையே திரும்பத் திரும்ப விளையாடுவார்கள். பெரியவர்கள் பதறிப்போய்த் தடுப்பார்கள். தடுக்க வேண்டாம், பிள்ளைகள் பயத்தைக் கையாளும் வழி அது. உங்கள் பையன் விளையாட்டில் எப்போதும் எல்லோரும் மூழ்கியே போனால், நீங்களும் உட்கார்ந்து ஒரு படகைக் கொண்டுவாருங்கள். வெள்ள வீடியோக்களை மட்டும் அவன் கண்ணில் காட்டாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு தடவையும் அது புதிதாக நடப்பதுபோல இருக்கும்.

படுக்கை நனைவதற்கு ரப்பர் ஷீட் போதும், திட்டு வேண்டாம். கொஞ்ச நாள் உங்களை ஒட்டியே படுக்கட்டும். மழைக்கு முன்னால் அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். ரேஷன் கார்டு, அவன் நோட்டு, டார்ச் லைட் மூன்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டு வைப்பது அவன் பொறுப்பு; தண்ணீர் ஏறினால் யார் வீட்டு மாடிக்குப் போவோம் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கட்டும்.

மந்திரிப்பதா? தாராளமாகப் போகட்டும். பாட்டி கையைப் பிடித்துப் போய் வருவதே தெம்புதான். சூடு போடுகிறேன், புகை போடுகிறேன் என்று யாராவது மிரட்டினால் உடனே தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. குடித்திருக்கும்போது பேச்செடுக்காதீர்கள். காலையில், நிவாரணத்துக்கு மனு கொடுக்கவோ கொட்டகையைச் சரிசெய்யவோ கூடவே போங்கள். வேலை நடுவில்தான் ஆண்கள் வாய் திறப்பார்கள். தூக்கத்துக்காகக் குடிக்கிறேன் என்பார். குடி தூக்கத்தைக் கெடுக்கத்தான் செய்யும். ‘இருந்து என்ன பயன்’ என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் அவரைத் தனியே விடாதீர்கள், அன்றைக்கே உதவி கேளுங்கள்.

பொதுவாக இந்த நடுக்கம் சில வாரங்களில் தானாகக் குறையும். மாதம் ஒன்று தாண்டியும் பையன் பள்ளிக்குப் போக மறுத்தால், சாப்பாடும் தூக்கமும் திரும்பவில்லை என்றால், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ கூட்டிப்போங்கள். கடையில் தூக்க மாத்திரை வாங்கி யாருக்கும் கொடுக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். வீட்டுக்காரர் வரமாட்டார், பேசமாட்டார் என்று காத்திருக்காமல், முதலில் நீங்கள் பேசுங்கள்.