வீடு வாங்கிய ஊரின் பழைய கதை: எந்தப் பதிவேட்டில் பார்ப்பது?

கேள்வி: அமெரிக்காவில், ஜார்ஜியாவின் ஃபோர்சைத் கவுன்ட்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது) வீடு வாங்கியிருக்கிறோம். 'இங்கே ஒரு காலத்தில் கறுப்பர்கள் இரவு தங்கவே முடியாது' என்கிறார் அலுவலக நண்பர். பக்கத்து வீட்டுப் பெரியவரோ, 'அதெல்லாம் கதை' என்கிறார். யார் சொல்வது சரி? நாமே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: நண்பர் சொல்வதுதான் சரி. இப்படிப்பட்ட ஊர்களை அங்கே 'சன்டவுன் டவுன்' என்பார்கள், அதாவது பொழுது சாய்வதற்குள் கறுப்பர்கள் வெளியேறிவிட வேண்டிய ஊர். உங்கள் கவுன்ட்டியில் இது தொடங்கியது 1912 செப்டம்பரில். மே க்ரோ என்ற வெள்ளையினப் பெண் தாக்கப்பட்ட வழக்கில் பிடிபட்ட ராப் எட்வர்ட்ஸை, கவுன்ட்டியின் தலைமையூரான கம்மிங்கின் சிறையிலிருந்து இழுத்து வந்து ஒரு கும்பல் கொன்றது. அப்புறம் இரவு இரவாக வந்து வீடுகளையும் தேவாலயங்களையும் கொளுத்தி, கறுப்பர்கள் ஏறக்குறைய அத்தனை பேரையும் துரத்தினார்கள். இதற்கென்று ஒரு சட்டமும் போடப்படவில்லை. ஆகவே சட்டப் புத்தகங்களைப் புரட்டாதீர்கள்.

முதலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 1910-இல் கவுன்ட்டியில் கறுப்பர்கள் 1,098 பேர். 1920-இல் 30 பேர். பெரியவரிடம் காட்ட இதுவே போதும். ஆனால் அங்கே நிற்காதீர்கள். வீடு வீடாகக் கையால் எழுதிய 1910 தாள்களே இணையத்தில் படமாகக் கிடைக்கின்றன. இனம் என்ற பத்தியில் 'பி' (கறுப்பர்) அல்லது 'எம்யூ' (கலப்பினத்தவர்) என்று இருக்கும் பெயர்களை எடுங்கள். அதே வரியில் கொஞ்சம் தள்ளி, சொந்த வீடா வாடகையா என்று ஒரு பத்தி உண்டு. 'ஓ' என்று இருந்தால் சொந்தம். அந்தப் பெயர்களைக் குறித்துக்கொண்டு கவுன்ட்டி நீதிமன்றத்தில் பத்திரப் பதிவேட்டின் அட்டவணையில் தேடுங்கள். நிலத்தை விற்றாரா, என்ன விலைக்கு, எந்த மாதம் என்று பாருங்கள். 1912 கடைசியில் அவசரமாக அடிமாட்டு விலைக்குப் போயிருக்கலாம். விற்ற பத்திரமே இல்லாமலும் இருக்கலாம். வீடு வாங்கும்போது வக்கீல் வில்லங்கம் பார்த்தாரே என்பீர்கள். அவர்கள் வழக்கமாக ஐம்பது ஆண்டு வரைதான் போவார்கள். தாய்ப்பத்திரம் வரை நீங்கள்தான் போக வேண்டும்.

பெரியவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். துரத்தப்பட்டவர்கள் ஊரில் இல்லாதபோது கதையைச் சொல்ல யார் இருப்பார்கள்? அதுதான் இத்தகைய ஊர்களின் சிக்கல். ஆனாலும், 1987-ஐ அவர் மறந்திருந்தால் ஆச்சரியம்தான். அந்த ஜனவரியில் சமத்துவம் கேட்டுச் சிறு ஊர்வலம் போனவர்கள்மேல் கல்லெறிந்தார்கள். அடுத்த வாரமே ஏறத்தாழ 20,000 பேர் கம்மிங்கில் திரண்டார்கள். பிறகு கறுப்பினத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரி அங்கேயே வந்து தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தினார். எட்வர்ட்ஸ் கொலை பற்றிய நினைவுப் பலகை கம்மிங் நடுவூரில் வந்தது 2021-இல்தான்.

வாய்மொழியாகக் கேட்க வேண்டுமென்றால் பக்கத்து ஹால் கவுன்ட்டியின் கெய்ன்ஸ்வில்லுக்குப் போங்கள். ஓடியவர்களில் பலர் அங்கேதான் குடியேறினார்கள். அங்குள்ள கறுப்பினத் தேவாலயங்களில், பெரியவர்களிடம் முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொண்டு பேசுங்கள். 1910 தாளின் பிரதியையும் கையோடு எடுத்துப் போங்கள். அவர்களுடைய தாத்தா பாட்டி பெயர் அதில் இருக்கலாம்.