இலக்கணம் சரி, ஆனாலும் இடிக்கிறது

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க வாடிக்கையாளருக்கு அனுப்ப இப்படி ஒரு மெயில் எழுதினேன்: 'ஐ டிட் எ மிஸ்டேக் இன் த ரிப்போர்ட். வீ டிஸ்கஸ்டு அபவுட் இட் யெஸ்டர்டே. ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் டிசைன்.' மேலாளர் மூன்று வரியையும் திருத்திவிட்டார். காலம், எழுவாய் எல்லாம் சரியாகத்தானே இருக்கின்றன?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

காலமும் எழுவாயும் சரிதான். சொற்களின் சேர்க்கைதான் இடிக்கிறது. நாம் கனவு காண்கிறோம், பொய் சொல்கிறோம், கோலம் போடுகிறோம். 'நேற்று ஒரு கனவு செய்தேன்' என்று யாராவது சொன்னால் புரியும், ஆனால் காதில் உறுத்தும். உங்கள் முதல் வரியும் அப்படித்தான். தமிழில் தவறு 'செய்கிறோம்'; அதனால் கை தானாக 'டூ'வுக்குப் போகிறது. ஆங்கிலத்தில் 'மிஸ்டேக்' சேர்வது 'மேக்'கோடு: 'ஐ மேட் எ மிஸ்டேக்'. புதிதாக ஒன்று உண்டானால் 'மேக்', வேலையைச் செய்தால் 'டூ' என்று வகுப்பில் சொல்வார்கள். அது பாதி தூரம்தான் வரும். 'டேமேஜ்' என்றால் 'டூ' என்பதற்கு அந்த விதியில் விடை கிடையாது.

இரண்டாவது வரியில் நம்முடைய 'பற்றி' நுழைந்துவிட்டது. 'டிஸ்கஸ்' நேராகச் செயப்படுபொருளை எடுக்கும்: 'வீ டிஸ்கஸ்டு இட்'. 'டிஸ்கஷன்' என்ற பெயர்ச்சொல்லுக்கு மட்டும் 'அபவுட்' பொருந்தும். குழப்பம் வருவதும் அங்கிருந்துதான்.

மூன்றாவதைத்தான் முதலில் திருத்தியிருக்க வேண்டும். நமக்கு 'டவுட்' என்றால் புரியாத இடம், கேட்டுத் தெளிந்துகொள்வோம். அமெரிக்கருக்கு அது அவநம்பிக்கை. 'உங்கள் டிசைன் சரிவரும் என்று தோன்றவில்லை' என்றே அவர் படிப்பார். 'ஐ ஹேவ் எ கொஸ்டின் அபவுட் யுவர் டிசைன்' என்று எழுதுங்கள். சக ஊழியரிடம் 'டவுட்' என்று பேசுவதில் குற்றமில்லை. இந்திய ஆங்கிலத்தில் அதற்கு அந்தப் பொருள் நிலைத்துவிட்டது. யார் படிக்கப்போகிறார் என்பதுதான் கணக்கு. 'டேக் எ டெசிஷன்' கூட பிரிட்டனில் செல்லும், அமெரிக்காவில் 'மேக்' என்பார்கள்.

அகராதியில் வினையைத் தேடாதீர்கள், பெயர்ச்சொல்லைத் தேடுங்கள். 'செய்' என்பதற்கு ஆங்கிலம் தேடினால் 'டூ', 'மேக்' இரண்டுமே கிடைக்கும், எது எங்கே சேரும் என்பது தெரியாது. 'மிஸ்டேக்' என்று தேடி எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பார்த்தால் எந்த வினை அதோடு வருகிறது என்பது தெரிந்துவிடும். நோட்டில் குறிக்கும்போதும் ஜோடியாகவே குறியுங்கள். கடைசியாக அனுப்பிய பத்து மெயில்களை எடுத்து 'டூ', 'கிவ்', 'புட்' வரும் இடங்களையெல்லாம் சுழித்து, பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்லை ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள்.