தெருவை அடைக்கும் முன்: வாசகர் கேள்வி–பதில்

பொங்கலுக்கு எங்கள் தெருவில் கோலப் போட்டி, உறியடி, பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயம் வைக்கப் போகிறோம். காலை முதல் மாலை வரை தெருவை அடைக்க வேண்டும். மைக்குக்கு போலீசில் எழுதி வாங்கினால் போதுமா?
– வாசகி, செங்கோட்டை

போதாதம்மா. மைக் அனுமதி சத்தத்துக்கு மட்டும்தான். தெருவில் வண்டி போக்குவரத்தைத் தடுப்பதற்கு வேறு அனுமதி. பெரும்பாலான விழாக்கள் நடுவில் நிற்பது இந்தக் குழப்பத்தால்தான்.

முதலில் ரோடு யாருடையது என்று பாருங்கள். வீட்டு வரி கட்டும் நகராட்சியின் தெரு என்றால் ஆணையாளருக்கு மனு. நெடுஞ்சாலைத் துறை ரோடு என்றால் நகராட்சி கொடுக்கும் கடிதம் செல்லாது. கொல்லம்–திருமங்கலம் சாலை (தேசிய நெடுஞ்சாலை 744) பக்கம் குடியிருப்பவர்கள் அந்த ரோட்டை அடைக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டு உள்தெருவுக்குப் போங்கள்.

நகராட்சியில் ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்கி, அதன் நகலோடு ஸ்டேஷனில் மனு கொடுங்கள். எந்த வீட்டு எண்ணிலிருந்து எந்த எண் வரை அடைக்கிறீர்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேர் வருவார்கள், வண்டிகள் எந்தத் தெரு வழியாகச் சுற்றிப் போகும், பொறுப்பாளர்கள் நாலு பேரின் போன் நம்பர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கையால் வரைந்த வரைபடம் போதும். அடைபடும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் வாங்குங்கள். பெரும்பாலும் புகார் கிளம்புவது கார் வெளியே எடுக்க முடியாத வீட்டிலிருந்துதான். மனு கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்குங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988ன் 115ஆம் பிரிவு, ஒரு மாதத்துக்கு மேற்படாத போக்குவரத்துத் தடைக்கு அரசிதழ் அறிவிப்பு வேண்டாம் என்கிறது. ஆனால் உள்ளூரில் விளம்பரப்படுத்தச் சொல்கிறது. அதனால் அனுமதி கைக்கு வந்ததும் தெருவின் இரண்டு முனையிலும் தேதி, நேரம், மாற்றுவழி எழுதிய தட்டியை இரண்டு நாள் முன்பே வையுங்கள். அனுமதியில்லாமல் அடைத்தால், பொதுவழியை மறித்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 285ஆம் பிரிவில் 5,000 ரூபாய் வரை அபராதம்.

இன்னொன்று. மகர விளக்கும் பொங்கலை ஒட்டித்தான் வருகிறது. சபரிமலை, ஆரியங்காவு, அச்சன்கோவில் போகும் ஐயப்பமார் வண்டிகளுக்குப் பந்தோபஸ்து போடுவதிலேயே போலீஸ் முழுகியிருக்கும். டிசம்பர் நடுவிலேயே மனுவைக் கொடுத்துவிடுங்கள்.

தடுப்புக்குக் கயிறு கட்டவே கட்டாதீர்கள். பைக்கில் வருகிறவர் கழுத்தில் மாட்டும். மங்கிய வெளிச்சத்தில் கயிறு கண்ணுக்கே தெரியாது. நகர்த்தக்கூடிய தடுப்பு, ஒளி பிரதிபலிக்கும் ஸ்டிக்கர், முனைக்கு ஒரு ஆள். ஆம்புலன்ஸ் வந்தால் அரை நிமிஷத்தில் வழி திறக்க வேண்டும். நாற்காலி, கோலம், உறிமரம் எல்லாவற்றையும் ஒரே ஓரத்தில் வைத்து, மறு ஓரத்தில் நாலு மீட்டராவது காலியாக விடுங்கள்.

பந்தல் போட ரோட்டைத் தோண்டலாமா? கரண்டை எங்கள் வீட்டிலிருந்து இழுக்கலாமா?
– வாசகர், புளியரை

இரண்டும் வேண்டாம். தாரைத் தோண்டினால் சீர்செய்யும் செலவு உங்கள் தலையில். அடியில் குடிநீர்க் குழாய் உடைந்தால் தெருவுக்கே தண்ணீர் இல்லை. மணல் நிரப்பிய டிரம்மில் கம்பத்தை நிறுத்துங்கள். பந்தல் உயரம் குறைந்தது 3 மீட்டர், மின்கம்பிக்கு நேர் கீழே கூடவே கூடாது. பிளாஸ்டிக் துணி வேண்டாம், தீப்பிடித்தால் உருகிச் சொட்டும்.

வீட்டு இணைப்பிலிருந்து விழாவுக்குக் கரண்ட் எடுத்தால், மின்சாரச் சட்டம், 2003ன் 126ஆம் பிரிவில் இருமடங்குக் கட்டணம் போடலாம். ஈபி ஆபீசில் தற்காலிக இணைப்பு கேளுங்கள், அல்லது ஜெனரேட்டர் வாடகைக்கு எடுங்கள்.

மைக் விஷயமும் சேர்த்துச் சொல்கிறேன். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பொது இடத்தின் எல்லையில், அந்தப் பகுதிக்கு விதித்த சத்த அளவைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. ஆஸ்பத்திரி, பள்ளி, கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். கூம்பு ஒலிபெருக்கி வேண்டாம், பாக்ஸ் ஸ்பீக்கரே வையுங்கள்; மனுவிலும் அப்படியே எழுதுங்கள்.

நாங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள். எங்களுக்கும் இதே விதிதானா? தமிழில் மனு கொடுக்கலாமா?
– வாசகர், ஆரியங்காவு

சத்தத்துக்கான விதி மத்திய அரசுடையது, 2000ஆம் ஆண்டு வந்தது. இரு பக்கமும் ஒன்றுதான். ரோட்டுக்கு மட்டும் உங்கள் பக்கம் கெடுபிடி கூடுதல். சாலையோரப் பொதுக்கூட்டங்களை 2010ல் கேரள உயர் நீதிமன்றம் தடை செய்தது. அடுத்த ஆண்டே பொதுவழிகளில் கூட்டம், ஊர்வலம் பற்றித் தனிச் சட்டம் வந்தது. ஆகவே ரோட்டை விட்டு பள்ளி மைதானம் அல்லது கோயில் வளாகம் பார்ப்பது நல்லது. தெருவேதான் வேண்டும் என்றால் பஞ்சாயத்து, போலீஸ் இரண்டிடமும் எழுத்தில் வாங்குங்கள்.

தமிழில் எழுத வழி உண்டு. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களோடு தமிழில் கடிதம் எழுத அனுமதிக்கிறது. உங்கள் பகுதி அதில் வருகிறதா என்று பஞ்சாயத்தில் கேளுங்கள். வந்தாலும், கூடவே ஒரு மலையாளப் பிரதி வைத்துவிட்டால் மனு மேசையில் தங்காது.