முறுக்குப் பெட்டிக்கு எத்தனை கிலோ?

கேள்வி: இணையத்தில் முறுக்கு விற்கிறேன். பணம் கட்டும் பக்கத்தில் ஐந்து கூரியர்களைக் காட்டியும் பலர் பாதியிலேயே போய்விடுகிறார்கள். ஏன்?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: ஐந்தைப் பார்த்தால் எனக்கே தலை சுற்றும், அம்மா. செந்தூலில் மசாலாத்தூளும் அப்பளமும் விற்கும் நான் இரண்டைத்தான் வைத்திருக்கிறேன்: மலிவானது, சீக்கிரம் போவது. கூரியர் பெயரைவிட, எத்தனை ரிங்கிட், என்றைக்கு வரும் என்பதைப் பெரிதாகப் போடுங்கள். அஞ்சல் குறியீட்டை முதலிலேயே கேளுங்கள். சபா, சரவாக் என்றால் கட்டணம் கூடும்; அதைக் கடைசியில் காட்டினால் ஆள் ஓடிவிடுவார்.

அப்புறம், முறுக்குக்கு எடை குறைவு, ஆனால் இடத்தை அடைக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 30 செ.மீ. என்றால், பல கூரியர்காரர்கள் அவற்றைப் பெருக்கி 5000ஆல் வகுத்து, 5.4 கிலோ என்று கணக்குப் போட்டுக் கட்டணம் கேட்பார்கள். அப்பளத்தைத் தராசில் மட்டும் வைத்துப் பார்த்து நானும் ஏமாந்தேன். லாபமெல்லாம் கூரியருக்கே போனது. பெட்டி அளவையும் உங்கள் இணையக் கடையில் பதிந்துவிடுங்கள்.