எனக்குன்னு ஒரு ஸ்டைல் எப்ப வரும்? வாசகர் கேள்விகளுக்கு ஓவியர் பதில்கள்

சிறுவர் புத்தகங்களுக்குப் படம் போடற நம்ம சேலத்து ஓவியர், இந்த மாசம் வந்த கடிதங்களுக்குப் பதில் சொல்றாங்க.

அக்கா, நான் ஃபைன் ஆர்ட்ஸ் படிக்கிறேன். குழந்தைங்க புத்தகத்துக்குப் படம் போடணும்னுதான் ஆசை. ஆனா என் படம் மாசத்துக்கு ஒரு மாதிரி ஆயிடுது. போன மாசம் கொழுகொழு கன்னம் வச்ச பொம்மை மாதிரி, இந்த மாசம் பீகார் மதுபனி ஓவியம் மாதிரி. எனக்குன்னு ஒரு ஸ்டைல் எப்ப வரும்?
– கல்லூரி மாணவி, அம்மாப்பேட்டை

மாறட்டும்மா, இந்த வயசுல மாறாம இருந்தாதான் நான் கவலைப்படுவேன். ஸ்டைலுன்னா கண்ணை புள்ளியா வைக்கறதா, மூக்கை முக்கோணமா போடறதான்னு உக்காந்து முடிவு பண்ற விஷயம்னு நெறைய பேரு நெனைக்கறாங்க, இன்ஸ்டாவைப் பாத்தா அப்படித்தான் தோணும். ஆனா நாம பேசற சேலத்துப் பேச்சை யாராவது தேர்ந்தெடுத்தா பேசறோம், வீட்லயும் தெருவுலயும் கேட்டுக் கேட்டு, பேசிப் பேசி, அதுவா வந்தது. படமும் அப்படித்தான் வரும், என்ன, காதுக்குப் பதிலா கண்ணு.

அதனால ஸ்டைலைத் தேடறதை விட்டுட்டு பாக்கறதை அதிகப்படுத்துன்னு சொல்லுவேன். ஒரு வேலை தர்றேன், செஞ்சு பாரு. உங்க ஏரியாவுல சாயங்காலம் ஒரு தட்டுவடை செட் வண்டி நிக்கும்ல, அங்க ஸ்கெட்ச் புக்கோட போ. நின்னுட்டு வரையாத. ஆறு வயசுப் புள்ளைக்கு கண்ணு எந்த உயரத்துல இருக்குமோ அந்த உயரத்துக்கு ஒரு முக்காலி போட்டு உக்காந்து வரை. அப்பதான் தெரியும், குழந்தைக்கு தட்டுவடையே கண்ணுல படாது, முதல்ல தெரியறது வண்டியோட சக்கரம், கீழ வச்சிருக்கற தண்ணி பக்கெட்டு, பெரியவங்களோட முழங்காலு, செருப்பு, அப்பறம் மேல இருந்து கீழ வர்ற ஒரு கை, அந்தக் கையில தட்டு, அதுல துருவுன கேரட்டும் பீட்ரூட்டும் பச்சை சட்னியும் ஓரத்துல வழிஞ்சுக்கிட்டு. இந்த ஒரு காட்சிய பென்சில்ல, பேனாவுல, வெறும் ரெண்டு கலர்ல, காகிதம் வெட்டி ஒட்டி, எப்படி எப்படியெல்லாம் முடியுமோ அத்தனை விதமாவும் போடு. இதுக்கு நடுவுல அடுத்தவங்க படத்தைப் பாக்காத.

கொஞ்ச நாள் கழிச்சு எல்லாத்தையும் தரையில பரப்பி வச்சுப் பாரு. சாதனம் மாறினாலும் மாறாம ஏதாவது நிக்கும். கோடு திரும்பற எடத்துல அழுத்தறியா, எல்லாரையும் பக்கத்து பக்கத்துல நெருக்கி நிக்க வைக்கறியா, செங்காவி கலரு உன்னை அறியாம முதல்ல கைக்கு வருதா, அதுதான் உன்னோடது. அதை மட்டும் காப்பாத்து, மத்ததெல்லாம் மாறிட்டுப் போகட்டும்.

இன்னொண்ணு. ரெண்டு முக்கோண மலை, நடுவுல சூரியன், கீழ ஒரு ஆறு, இந்தக் காட்சிய நம்ம எல்லாரும் ஸ்கூல்ல வரைஞ்சிருக்கோம். சேலத்துல எந்த மொட்டை மாடியில வேணா ஏறி வடக்கால பாரு, சேர்வராயன் மலை முக்கோணமாவா தெரியுது? நீளமா, மேல தட்டையா, ஒரு பெரிய மதில் மாதிரி இல்ல கிடக்குது. நம்ம ஊரு குழந்தை புத்தகத்தைத் தொறந்தா அந்த மலை இருக்கணும்.

மேடம், எனக்கு ஏற்காடு, அப்பா காபி எஸ்டேட்ல வேலை பாக்கறார். வாட்டர்கலர்ல பனிமூட்டத்தைப் போட்டா சாம்பல் அப்புன மாதிரி அசிங்கமா வருது. பேப்பரும் அலை அலையா சுருங்கிடுது, காயவும் மாட்டேங்குது. என்ன பண்றது?
– பிளஸ் டூ மாணவி, ஏற்காடு

கண்ணு, உனக்கு கெடச்சிருக்கற இடம் எத்தனை பேருக்கு கெடைக்கும்! முதல்ல பேப்பரைப் பத்தி சொல்லிடறேன். மெல்லிசு பேப்பர்ல தண்ணி பட்டா சுருங்கத்தான் செய்யும், 300 ஜிஎஸ்எம் கெட்டிப் பேப்பரா வாங்கு, நாலு பக்கமும் பலகையில டேப் போட்டு ஒட்டிட்டு அப்பறம் தண்ணி வை, முழுசா காஞ்ச பெறகுதான் டேப்பை உரிக்கணும். மழைக்காலத்துல பேப்பர் கட்டை பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு மூடி வை, இல்லேன்னா பூஞ்சை புள்ளி வந்துரும்.

மூட்டத்துக்கு சாம்பல் கலரே வேணாம். வாட்டர்கலர்ல வெள்ளைன்னா அது பேப்பர்தான், மூட்டமும் பேப்பர்தான். நீ தொடாம விடற இடம்தான் மூட்டம். எஸ்டேட்ல சில்வர் ஓக் மரம் வரிசையா நிக்குமே, மிளகுக் கொடி ஏறினது, அதைக் காலையில போய் பாரு. உனக்கு பக்கத்துல இருக்கற மரத்துல கொடியோட ஒவ்வொரு இலையும் கரும்பச்சையா தெளிவா தெரியும், நாலு மரம் தள்ளி வெறும் தண்டு மட்டும் நீலமா தெரியும், அதுக்கும் பின்னால ஒரு நெழல், அப்பறம் ஒண்ணுமே இல்ல. அதனால தூரத்து மரத்தை முதல்ல, பேப்பரு ஈரமா இருக்கறப்பவே ரொம்ப தண்ணியான கலர்ல வை, அது தானா கரைஞ்சு ஓரமே இல்லாம ஆயிடும். காஞ்ச பெறகு அதுக்கு முன்னாடி இருக்கற மரம், கடைசியா பக்கத்து மரத்தை கெட்டிக் கலர்ல ஈரமில்லாத பேப்பர்ல போடு. காத்தடிச்சா சில்வர் ஓக் இலை பின்பக்கம் திரும்பி மரமே வெள்ளி பூசுன மாதிரி ஆகும் பாரு, அந்த எடத்தையும் பேப்பராவே விட்டுடு.

காய மாட்டேங்குதுன்னு வருத்தப்படற, நான் அதை வரம்னு சொல்லுவேன். கீழ சேலத்துல சித்திரை வெயில்ல கலரை வச்சு அடுத்த தடவை தொடறதுக்குள்ள ஓரம் காஞ்சு கோடு விழுந்துரும், நான் அதுக்கு ஏத்த மாதிரி வெட்டு வெட்டா, ஓரம் தெளிவா வரையப் பழகிட்டேன், இன்னிக்கு என் படத்தை அடையாளம் சொல்றவங்க அந்த ஓரத்தை வச்சுத்தான் சொல்றாங்க. நீ 1500 மீட்டர் உயரத்துல ஈரக்காத்துல உக்காந்திருக்க, உனக்கு மெதுவா கரையற ஓரம் வரும். ஹேர் ட்ரையரை வச்சு அவசரப்படுத்தாத. கோடை மழை பேஞ்சு காபி பூ மொத்தமா வெள்ளையா பூக்கற நாள்ல மட்டும் எல்லா வேலையும் விட்டுட்டு வெளிய போய் வரை, சில நாளுதான் நிக்கும் அந்தப் பூ.

ஒரு படப் புத்தகத்துக்கு ஓவியர் எப்படி வேலை பாக்கறாங்க? கதையைக் குடுத்தா நேரா வரைய ஆரம்பிச்சிருவீங்களா?
– அரசுப் பள்ளி ஆசிரியை, ஓமலூர்

இல்லீங்க டீச்சர், வரையறது ரொம்ப பின்னாடிதான். கதை கைக்கு வந்ததும் சத்தமா படிப்பேன், திரும்பத் திரும்ப. எங்க மூச்சு விடறோம், எங்க ஒரு குழந்தை "அப்பறம்?"னு கேக்கும்னு பாப்பேன். அந்த "அப்பறம்" வர்ற எடத்துலதான் பக்கம் திரும்பணும்.

படப் புத்தகம்னா பெரும்பாலும் 32 பக்கம், 16, 24 பக்கத்துலயும் வரும். பெரிய காகிதத்தை ரெண்டு பக்கமும் அச்சடிச்சு மடிக்கறதால பக்கக் கணக்கு எட்டு எட்டாதான் போகும், நம்ம இஷ்டத்துக்கு முப்பத்தஞ்சு பக்கம் வைக்க முடியாது. ஒரே ஏ4 தாள்ல எல்லா பக்கத்தையும் தீப்பெட்டி அளவு கட்டமா போட்டு கதை முழுசையும் ஒரே பார்வையில பாப்பேன், இதைத்தான் ஸ்டோரிபோர்டுன்னு சொல்றது. எந்தப் பக்கம் கூட்டம், எந்தப் பக்கம் அமைதி, தொடர்ந்து மூணு பக்கம் ஒரே தூரத்துல இருந்து பாக்கறோமான்னு எல்லாம் அங்கயே தெரிஞ்சுரும். அப்பறம் தாளை மடிச்சு ஸ்டேப்ளர் அடிச்சு ஒரு டம்மி புத்தகம் செஞ்சு தெருப் புள்ளைங்க கிட்ட படிச்சுக் காட்டுவேன். அவங்க கண்ணு வேற பக்கம் போற எடத்தைக் குறிச்சு வச்சுக்குவேன். பெறகுதான் பென்சில் ரஃப், எடிட்டர் பாத்து திருத்தம் சொல்லுவாங்க, கடைசியில கலர்.

ஒரு உதாரணம் சொல்றேன். கதையில "மழை வந்தது, பாட்டி ஓடினாள்"னு ஒரு வரி இருக்குதுன்னு வைங்க. மழையும் ஓடற பாட்டியும் வரைஞ்சா அது வரியில இருக்கறதேதான், குழந்தைக்கு புதுசா ஒண்ணும் கிடைக்கல. நானா இருந்தா, வலது பக்கத்துல மாடியில காயப் போட்ட ஜவ்வரிசி வடாம் மட்டும், வேட்டித் துணி மேல வரிசை வரிசையா, அதுல ஒரே ஒரு வடாத்து மேல ஒரு சொட்டு தண்ணி. பக்கத்தைத் திருப்பினா ரெண்டு பக்கமும் சேர்த்து பாட்டி துணியோட நாலு முனையையும் அள்ளிக்கிட்டு பாயறாங்க. கதையில பூனையே கிடையாது, ஆனா ஒரு பூனை வாயில ஒரு வடாத்தோட படிக்கட்டுல எறங்குது. எழுதினவங்க சொல்லாத பூனையை ஒரு குழந்தை விரலை வச்சுக் காட்டுச்சுன்னா அந்தப் புத்தகம் அதுக்கு சொந்தமாயிடுச்சு.

அச்சு சம்பந்தமா சில கட்டுப்பாடு இருக்கு. பாட்டி முகத்தை ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல வச்சா தையல்ல போய் மாட்டிக்கும். ஓரத்துல மூணு மில்லிமீட்டராவது கூட வரையணும், வெட்டறப்ப வெள்ளை தெரியாம இருக்க. அப்பறம் எழுத்துக்கு இடம், இதை நெறைய புது ஓவியர்கள் மறந்துடறாங்க. ஒரே படத்தை தமிழ், இங்கிலீஷ், இந்தின்னு பல மொழியில போடுவாங்க, கருப்பு மைக்கான அச்சுப் பிளேட்டை மட்டும் மாத்தி. அதனால எழுத்து கருப்புல இருக்கணும், அது விழற எடம் வெளிர் கலர்ல இருக்கணும், தமிழ் வரி இங்கிலீஷை விட நீளம்ங்கறதால தாராளமாவும் இருக்கணும்.

அம்புலிமாமா ஓவியர் சங்கர் படங்களைப் பாத்து அப்படியே வரைஞ்சு பழகறேன். அது தப்புன்னு ஒரு நண்பர் சொல்றார். தப்புங்களா?
– வெள்ளிப் பட்டறைத் தொழிலாளி, செவ்வாப்பேட்டை

தப்பே இல்லீங்க அண்ணா, பழகறதுக்கு அதை விட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. உங்க பேரைப் போட்டு வெளிய குடுக்காத வரைக்கும் சரி. தோள்ல பிணத்தைப் போட்டுக்கிட்டு கையில வாளோட நடக்கற விக்ரமாதித்தன், நம்ம எல்லார் மனசுலயும் இருக்கற அந்த உருவம் அவரு கையில வந்தது. கே.சி. சிவசங்கரன்னு முழுப் பேரு, 1924ல பொறந்து 2020ல காலமானார், அடுத்த வருஷம் பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. அதை அவரு கையில குடுத்திருக்கணும்ங்கற ஆதங்கம் எனக்கு இன்னிக்கும் இருக்கு.

ஆனா காப்பி பண்றப்ப கோட்டை மட்டும் காப்பி பண்ணாதீங்க, கேள்வி கேளுங்க. அந்த ராஜா ஏன் கொஞ்சம் முன்னால சாஞ்சு நடக்கறாரு? தோள்ல பாரம். காலு ஏன் அப்படி அகட்டி வச்சிருக்கு? சுடுகாட்டு மேடு பள்ளம். அதைப் புரிஞ்சுக்கிட்டு, அதே சாய்வை உங்க பட்டறையில வெள்ளிக் கம்பியை குனிஞ்சு பத்த வைக்கற ஆளுக்குக் கொண்டு வாங்க. நீங்க கொலுசுல கண்ணுக்கே தெரியாத சலங்கையை கோக்கற கைக்காரரு, உங்க கோட்டுல அந்த நுணுக்கம் வந்தா அதை வேற யாராலயும் போட முடியாது.

என் பையனுக்கு ஆறு வயசு. யானைய பச்சையா போடறான், வீட்டுக்குள்ள இருக்கறவங்க வெளியில இருந்தே தெரியற மாதிரி வரையறான். டிராயிங் கிளாஸ்ல திருத்தறாங்க. நானும் திருத்தணுமா?
– ஒரு அம்மா, அஸ்தம்பட்டி

வேணாம்மா, தயவு செஞ்சு வேணாம். இந்த வயசுல புள்ளைங்க கண்ணுக்குத் தெரியறதை வரைய மாட்டாங்க, தெரிஞ்சதை வரைவாங்க. வீட்டுக்குள்ள அம்மா இருக்காங்கன்னு அவனுக்குத் தெரியும், அதனால செவுரு மறைக்காது. முக்கியமானவங்க பெருசா இருப்பாங்க. உலகம் பூரா குழந்தைங்க இப்படித்தான் வரையறாங்க, வளர வளர தானா மாறும். "இது என்ன கதை?"ன்னு கேளுங்க, அவன் சொல்றதை படத்துக்குப் பின்னாடி தேதியோட எழுதி வைங்க. மாதிரிப் படத்துக்கு கலர் அடிக்க வைக்கற கிளாஸா இருந்தா நிறுத்திடுங்க, அந்தக் காசுக்கு வெள்ளைத் தாளும் கிரேயானும் வாங்கிக் குடுங்க.

ஐபேட் இல்லாம இந்தத் துறைக்கு வர முடியுமா?
– வாசகர், ஆத்தூர்

முடியும். கையால வரைஞ்சு 300 டிபிஐல, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்குல, நல்லா ஸ்கேன் பண்ணிக் குடுத்தா போதும். கம்ப்யூட்டர் இருந்தா படம் வரையற கிரிட்டா சாஃப்ட்வேர் இலவசம். நிறைய படப் புத்தகம் பாக்கணும்னா பிரதம் புக்ஸ் பதிப்பகத்தோட ஸ்டோரிவீவர் வெப்சைட்ல தமிழ்லயே இலவசமா இருக்கு, 2015லருந்து நடக்குது, போன்லயே பாக்கலாம்.

ஒரு பதிப்பகம் என் படங்களைக் கேட்டிருக்காங்க, மொத்தமா ஒரு தொகை தர்றதா வாய்மொழியா சொல்றாங்க. ராயல்டி, அதாவது புத்தகம் விக்க விக்க வர்ற பங்கு, அதைப் பத்தி பேச்சே இல்ல. ஒத்துக்கலாமா?
– இளம் ஓவியர், மேட்டூர்

வேலையை ஒத்துக்கங்க தம்பி, வாய்மொழியா மட்டும் ஒத்துக்காதீங்க. மொத்தத் தொகையே வாங்கறதா இருந்தாலும் எதுக்கு வாங்கறோம்னு எழுத்துல இருக்கணும்: எந்த மொழிப் பதிப்பு, எத்தனை வருஷம், எந்த நாடு, மின்புத்தகம் உண்டா, பொம்மை பை காலண்டர்னு போட்டா தனிக் காசு உண்டா. 1957ஆம் வருஷத்து பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை எழுதிக் குடுக்கறப்ப காலம் குறிப்பிடலேன்னா அஞ்சு வருஷம்னும், இடம் குறிப்பிடலேன்னா இந்தியா மட்டும்னும்தான் எடுத்துக்கணும். ஆனா காசு குடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லேன்னா, வரையச் சொன்னவங்கதான் முதல் உரிமையாளர்னு அதே சட்டத்துல ஒரு பிரிவும் இருக்கு. அதனாலதான் "பதிப்புரிமை ஓவியருக்கு, இந்தப் பதிப்புக்கு மட்டும் அனுமதி"ங்கற ஒரு வரியை கேட்டு எழுதி வாங்கச் சொல்றேன், வேலையைத் தொடங்கறதுக்கு முன்னாடியே. ஒரிஜினல் படங்கள் அச்சானதும் உங்ககிட்ட திரும்ப வரணும்ங்கறதையும் சேருங்க. முன்பணமா ஒரு பகுதி, ரஃப் முடிஞ்சதும் ஒரு பகுதி, கலர் குடுத்ததும் மீதின்னு பிரிச்சுக் கேளுங்க, இது வழக்கம்தான், யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. உரிமையை எழுதிக் குடுத்தாலும் "இதை வரைஞ்சது நான்"னு சொல்ற உரிமை உங்களை விட்டுப் போகாது, சட்டமே அதைக் காப்பாத்துது, அதனால உங்க பேரு உள்பக்கத்துல பொடி எழுத்துல இல்லாம அட்டையிலயே, கதை எழுதினவங்க பேரோட வரணும்னு கேளுங்க.